பூ ஆயிரம், காய் பத்து: மக்கடாமியா ஏன் இப்படிச் செய்கிறது?

போன வருடம் பங்குனி கடைசியில், பக்கத்துத் தோட்டத்து அண்ணா ஒருவர் காலை ஏழு மணிக்கே போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் மேலே வந்துட்டுப் போறியா?" என்றார். குரலே சரியில்லை. ஏற்காட்டு நாகலூர் பக்கம் அவருடைய காபித் தோட்டத்தின் மேட்டில், பத்து வருடம் முன்னால் பருப்புக்காக நட்ட இருபது மக்கடாமியா ஒட்டுக்கன்றுகள் இப்போது நல்ல மரங்களாக நிற்கின்றன. மாசி தொடக்கத்தில் அவை பூத்ததை நானே பார்த்தேன். கிளைக்குள் தலையை விட்டால் எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சரம், பக்கத்தில் நின்றாலே லேசான இனிப்பு வாசனை. இப்போது போய்ப் பார்த்தால் தரையெல்லாம் மிளகு அளவிலும் பட்டாணி அளவிலும் பிஞ்சு உதிர்ந்து கிடக்கிறது, மேலே தொங்குவது வெறும் காய்ந்த காம்பு. "மூணு தடவை உரம் வெச்சேன் தம்பி, தண்ணியும் விட்டேன். இன்னும் என்ன பண்றதுன்னு தெரியல" என்றார்.

எங்கள் வீட்டுக் களத்தின் ஓரத்தில் இரண்டு மக்கடாமியா நிற்கிறது. அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட விதைக்கன்றுகள், ஒட்டு கிடையாது, ரகத்தின் பெயர் கிடையாது. அவை வருடம் தவறாமல் காய்க்கின்றன. அண்ணாவுடைய வரிசையிலும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: எங்கள் வேலியை ஒட்டிய முதல் மூன்று மரங்களில் மட்டும் பிஞ்சு ஓரளவு நின்றிருந்தது. உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, கடைசி மரங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மண் அதேதான், உரமும் அதேதான். வேலியோரம் மட்டும் ஏன் நின்றது என்று யோசித்தால் மற்ற எல்லாக் கேள்விக்கும் வழி கிடைத்துவிடும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது சேர்வராயன் மலையில் நிறையப் பேர் காபிக்கு நடுவில் மக்கடாமியா வைக்கலாமா என்று கேட்கிறார்கள், கன்று விற்பவர்கள் இந்த விஷயத்தைச் சொல்வதே இல்லை.

முதலில் இந்த மரம் யார் என்று பார்த்துவிடலாம். சொந்த ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கும் நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கும் சேரும் இடத்து மழைக்காடுகள். 1857-ல் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் என்ற தாவரவியலாளர் தன் நண்பர் ஜான் மக்கடாமின் பெயரை இதற்கு வைத்தார். ஆனால் நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமான சாதி இல்லை. நம் தோட்டங்களில் காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குத் தூணாகவும் நிற்கிற சில்வர் ஓக் இருக்கிறதே, அது இதன் ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் சொந்த ஊர் அதே கிழக்கு ஆஸ்திரேலியா. கிளை வெட்டாமல் விட்ட சில்வர் ஓக் பூத்தால், ஆரஞ்சு நிறத்தில் சீப்பின் பல் மாதிரி வளைந்து வளைந்து நிற்கும் பூவைப் பார்த்திருப்பீர்கள். அதையே வெள்ளையாக்கி, சின்னதாக்கி, சரமாகக் கட்டித் தொங்கவிட்டால் மக்கடாமியா பூ.

சாப்பிடும் பருப்பு கொடுப்பவை இரண்டு இனங்கள். ஒன்றில் ஒவ்வொரு கணுவிலும் இலை மும்மூன்றாக வரும், விளிம்பு அதிகம் முள் இல்லாமல் இருக்கும், பூ பாலாடை நிறம். இன்னொன்றில் இலை நான்கு நான்காக வரும், விளிம்பெல்லாம் கையைக் கிழிக்கிற முள், பூவில் ரோஸ் நிறம் ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், கலப்பு ரகங்களும் உண்டு. எங்கள் களத்து மரங்களில் ஒன்று முதல் வகை, மற்றது இரண்டாம் வகை. அப்பா தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, இப்போது கேட்க வழியில்லை. செய்தது சரியான காரியம்.

சரி, பூவுக்கு வருவோம். காபிக்காரர்களாகிய நமக்குப் பூ என்றால் மழை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் அதிலிருந்து எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க மல்லிகை மாதிரி வெள்ளை. அந்தப் பூ மழைக்காக வானத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மக்கடாமியா மழைக்குக் காத்திருக்காது, அது குளிருக்குக் காத்திருக்கிறது. முற்றிய கிளையில் இலைக் கக்கத்தில் இருக்கிற மொட்டு, இலையாவதா பூவாவதா என்று முடிவெடுப்பது இரவுக் குளிரை வைத்து. இரவு வெப்பம் 15-லிருந்து 18 டிகிரி வரை இறங்கினால் பூ மொட்டு நன்றாக உண்டாகிறது, 20-க்கு மேலேயே நின்றுவிட்டால் சரம் குறைந்துவிடும். ஏற்காட்டு உயரத்தில், 1500 மீட்டரை ஒட்டி, கார்த்திகை மார்கழி இரவுகள் இதற்குப் போதும். கீழே சேலத்தில் வீட்டு மனையில் ஒரு கன்று வைத்துவிட்டு, மரம் பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கிடைக்கிற குளிரை உரத்தில் வாங்க முடியாது.

மொட்டு உண்டானதும் உடனே வெளியே வராது. வாரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தூங்கிவிட்டு, அப்புறம்தான் பச்சை நூல் மாதிரி நீள ஆரம்பிக்கும். ஒரு சாண் நீளம் வரை போகும். ஒரு சரத்தில் 100-லிருந்து 300 பூ வரை, மூன்று நான்காகச் சேர்ந்த கொத்துகளாக. பெரும்பாலும் மரத்தின் உட்பக்கம் பழைய கிளைகளில்தான் தொங்கும் என்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மரம் பூத்ததே தெரியாது. கிளையை விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடு. நான்கு இதழ் இருக்கும், அரை அங்குலம்கூட இருக்காது. விரிவதற்கு முந்தின நாள் இன்னும் நன்றாகத் தெரியும். இதழ்கள் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் உள்ள சூலகத்தண்டு உள்ளே நீளமாக வளர்ந்து இடம் போதாமல், இதழ் இடுக்கு வழியாக முழங்கை மடித்த மாதிரி வெளியே பிதுங்கி நிற்கும். அதன் நுனி மட்டும் இன்னும் உள்ளே மாட்டியிருக்கும். அந்த நுனியைச் சுற்றித்தான் நான்கு மகரந்தப்பைகளும் இருக்கின்றன, பூ விரியும் முன்பே அவை வெடித்து மகரந்தத்தை அந்த நுனி மேலேயே அப்பிவிடுகின்றன. மறுநாள் இதழ்கள் பிரிந்து சுருள, தண்டு விடுபட்டு நிமிர்கிறது. நுனியில் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ், அதில் மஞ்சள் மாவு. ஏதோ தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இருக்கும்.

பார்ப்பவர் என்ன நினைப்பார்? மகரந்தம் அதை ஏற்கும் நுனியான சூலகமுடி மேலேயே இருக்கிறது, வேலை முடிந்தது என்றுதான். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் சூலகமுடி தயாராக இல்லை. குமிழின் உச்சியில் மிகச் சின்ன ஒரு பள்ளம்தான் உண்மையான சூலகமுடி, அது மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் பக்குவத்துக்கு வர இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் தேனீ வந்து இந்த மாவைத் துடைத்துக்கொண்டு போய்விட வேண்டும், அப்புறம் வேறு மரத்து மாவோடு இன்னொரு தேனீ வர வேண்டும். பூவின் அமைப்பே அந்த ஏற்பாட்டுக்குத்தான். தன் மகரந்தம் அங்கேயே தங்கிவிட்டால் அது முளைக்கத்தான் செய்யும், குழாய் விடும், ஆனால் பெரும்பாலான குழாய்கள் தண்டின் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. வேறு ரகத்தின் மகரந்தக் குழாய் மட்டும் தடையில்லாமல் இறங்கி ஒரு வாரத்துக்குள் சூலை அடைகிறது. சொந்த மகரந்தத்தில் காயே பிடிக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது, ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. ஆனால் பிடிப்பது குறைவு, பிடித்ததும் கடைசிவரை நிற்பது அதைவிடக் குறைவு, நின்றதிலும் பருப்பு சின்னதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியாவில் ஒரே ரகம் நிறைந்த பெரிய தோட்டங்களின் நடுவிலிருந்தே முதிர்ந்த காய்களை எடுத்து மரபணு பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதி தூரத்தில் இருந்த வேறு ரகத்தின் மகரந்தத்தால் உண்டானவை என்று தெரிந்தது. அதாவது மரம் தன் காயை வைத்துப் பார்த்து, அந்நிய மகரந்தத்தில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத்தான் உதிர்க்கிறது.

அண்ணாவுடைய இருபது மரமும் ஒரே ரகத்து ஒட்டு. ஒட்டுக்கன்று என்றால் ஒரே தாய் மரத்தின் குச்சி, அதனால் இருபது மரம் நின்றாலும் மகரந்தக் கணக்கில் அது ஒரே மரம்தான். முதல் மரத்திலிருந்து இருபதாவது மரத்துக்குத் தேனீ மாவு கொண்டுபோனாலும் தன் பூவின் மாவைத் தனக்கே போட்ட மாதிரி. வேலியோரத்து மூன்று மரங்களுக்கு மட்டும் எங்கள் களத்து மரங்களின் மகரந்தம் எட்டியிருக்கிறது.

இதை நம் மலையில் யாரும் யோசிக்காமல் போனதற்குக் காரணமும் நம் காபிதான் என்பது என் எண்ணம். இங்கே நாம் வளர்ப்பது அராபிகா. அராபிகா தன் மகரந்தத்திலேயே பெரும்பாலும் காய் பிடித்துக்கொள்ளும், ஒற்றைச் செடியாக நட்டாலும் பழம் வரும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் செடியோடு பழகிய நமக்கு, மரத்துக்குத் துணை வேண்டும் என்ற யோசனையே கையில் இல்லை. ரொபஸ்டா வளர்ப்பவர்களாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும், அதற்குப் பக்கத்தில் வேறு செடி இல்லாமல் காய் பிடிக்காது.

துணை மரம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உலகம் முழுக்க விற்கப்படும் ரகங்களில் நிறைய ஹவாயில் தேர்ந்தெடுத்தவை. ஹவாய்க்கு விதை போனது 1880-களின் தொடக்கத்தில். 2019-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, அந்த ஹவாய் ரகங்களின் வேர் குயின்ஸ்லாந்தின் கிம்பி ஊருக்கு அருகே இருந்த மிகச் சில மரங்களில் போய் முடிகிறது என்று காட்டியது. அவ்வளவு குறுகிய வம்சம். அதனால் ரகப் பெயரில் உள்ள எண் மட்டும் வேறாக இருக்கும் இரண்டு ரகத்தை வாங்கிவிட்டால் போதாது, முடிந்தால் நாலு இலை இனத்தின் ரத்தம் கலந்த ரகம் ஒன்றையும் வரிசைக்குள் சேர்ப்பது நல்லது. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூன்று வாரம் முன்னால் பூத்து முடிந்த துணையால் என்ன பயன்?

துணை இருந்தாலும் மாவைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். காற்று இதில் பெரிதாக உதவாது. எங்கள் மரத்தில் வருவது அடுக்குத் தேனீ, சில நாள் மலைத்தேனீ, அப்புறம் கொசுத்தேனீ. மாசி மாதம் ஒரு காலை வெயில் ஏறுகிற நேரத்தில், ஒன்பது மணி வாக்கில், ஸ்டூல் போட்டு ஒரு சரத்தின் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பெரிய தேனீ தேனுக்கு வந்தது, பூவின் அடியில் மூக்கை விட்டுக் குடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. தண்டின் நுனியை அது தொட்டதும் உண்டு, தொடாமலே போனதும் உண்டு. கொசுத்தேனீ அப்படி இல்லை. ஈ அளவுகூட இல்லாத அது சரத்தின் மேல் ஏறி நடந்து, ஒவ்வொரு குமிழாகப் பிடித்துக்கொண்டு மாவை வழித்து எடுத்தது. அது தேடி வந்ததே மகரந்தம் என்பதால் நுனியைத் தொடாமல் அதற்கு வேலை இல்லை. மக்கடாமியாவின் சொந்தக் காட்டிலும் இதே மாதிரிக் கொடுக்கில்லாத சின்னத் தேனீதான் இந்த வேலையைச் செய்கிறது, ஆஸ்திரேலியத் தோட்டங்களில் பூக்காலத்தில் அதன் கூட்டையே கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் ஊரில் அது பழைய மண் சுவர் இடுக்கிலும் மரப் பொந்திலும் தானாகவே குடியிருக்கிறது. சுவரைப் பூசும்போது அந்தச் சின்ன மெழுகுக் குழாய் வாசலை அடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பூ இருக்கும் மூன்று வாரத்தில் தோட்டத்தில் எதற்காகவும் பூச்சிமருந்து அடிக்காமல் இருக்க முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இனி உதிர்வு. அண்ணாவைக் கலங்க வைத்தது அதுதான். எங்கள் மரத்தில் ஒரு சரத்துக்குச் சிவப்பு உல்லன் நூல் கட்டி, சுவரில் மாட்டிய காலண்டரிலேயே கணக்கு எழுதினேன். பூ விரிந்த நாளில் எண்ணியது 214 பூ. இரண்டு வாரம் கழித்து, நுனியில் காய்ந்த தண்டோடு அடியில் பச்சையாகப் பருத்து நின்றவை 40. எட்டாவது வாரம் 5. கடைசியில் காயாகக் கீழே விழுந்தது 2. நன்றாகக் காய்க்கிற மரத்தின் கணக்கு இது! நூறு பூவுக்கு ஒரு காய்கூடத் தேறாது என்பது இந்த மரத்தின் இயல்பு. ஒரு பெரிய மரத்தில் ஆயிரக்கணக்கான சரம் தொங்குவதால் அந்த ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

அந்த உதிர்வு ஒரே மாதிரி நடப்பதில்லை. முதல் இரண்டு வாரத்தில் விழுவது கருத்தரிக்காத பூ. இதற்கு உரமும் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை விழுவது கருத்தரித்த பிஞ்சு, மனசு வலிப்பது இதைப் பார்க்கும்போதுதான். அந்தச் சமயத்தில் மரத்திடம் சேமிப்பில் இருக்கும் சர்க்கரை அத்தனை பிஞ்சுக்கும் போதாது, புதுத்தளிரும் பங்கு கேட்கும், அப்போது வலுவான பிஞ்சு நிற்கும், மற்றது போகும். நம் மலையில் இந்த வாரங்கள் சரியாகப் பங்குனியில் வந்து விழுகின்றன, கோடை மழை இன்னும் இறங்காத, மண் வெடித்துக் கிடக்கிற நாட்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நின்றால் உதிர்வு இன்னும் கூடும். தண்ணீர் கொடுக்க முடிந்தால் அப்போது கொடுங்கள், மரத்தடியில் சருகு பரப்பி மூடாக்குப் போடுங்கள், மேலே சில்வர் ஓக் அடர்ந்து இருட்டாக இருந்தால் முன்கூட்டியே கிளை இறக்கி வெளிச்சம் விடுங்கள், ஏனென்றால் சர்க்கரை வருவது வெளிச்சத்திலிருந்துதான். பத்தாவது வாரத்துக்குப் பிறகு பெரிய காய் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். அதற்குப் பூச்சி, வறட்சி என்று பல காரணம்.

தப்பிய காய் வேகமாக வளரும். சூற்பைக்குள் சூல் இரண்டு இருக்கும், வழக்கமாக ஒன்றுதான் விதையாகும், அதனால் உருண்டை. இரண்டும் வளர்ந்தால் ஓடு இரண்டு அரை உருண்டையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றரை மாதத்தில், வைகாசி வாக்கில், காய் முழு அளவுக்கு வந்து ஓடு இறுக ஆரம்பிக்கிறது. அதுவரை கத்தியில் வெட்டினால் வெள்ளை ஓடு, உள்ளே தண்ணீரும் கொழகொழப்புமாக இருக்கும். அதன் பிறகு வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, காய் அப்படியே பச்சையாகத் தொங்கும், ஆனால் பருப்பில் எண்ணெய் சேர்வதே இப்போதுதான். ஆனி, ஆடி, ஆவணி முழுக்க அந்த வேலைதான் நடக்கிறது. பூத்ததிலிருந்து மொத்தம் சுமார் 30 வாரம். "அளவு வந்துருச்சே, பறிச்சிடலாமா?" என்று அண்ணா வைகாசியிலேயே கேட்டார். பறித்திருந்தால் பருப்பு காய்ந்ததும் சுருங்கித் தோல் மாதிரி ஆகியிருக்கும்.

முதிர்ந்ததா என்று பார்க்க, பச்சைத் தோலைப் பிளந்து உள்பக்கம் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, பழுப்பாக மாறியிருந்தால் சரி. இன்னொரு சோதனை உண்டு. காய்களை நிழலில் நன்றாக உலர்த்தி, ஓட்டை உடைத்துப் பருப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். எண்ணெய் 72 சதவீதம் எட்டிய பருப்பு தண்ணீரைவிட லேசாகிவிடும், மிதக்கும். எட்டாதது மூழ்கும். ஈரம் போகாத பருப்பில் இந்தச் சோதனை சரியாக வராது, உலர்த்திய பிறகுதான். போன புரட்டாசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அண்ணா தன் மரத்துப் பருப்பு பத்தைச் சொம்பில் போட்டார். எட்டு மிதந்தது. அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே.

இங்கே ஒரு கவனம் வேண்டும். காய் தானாக விழுகிற காலம் நம் மலையில் நல்ல மழைக்காலம். ஈரத் தரையில் நாலைந்து நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், எலியும் அணிலும் விடாது. இரண்டு நாளைக்கு ஒரு முறை பொறுக்கிவிட்டு, பச்சைத் தோலை அன்றே உரித்து, காபிக் களத்துச் சிமெண்ட் வெயிலில் கொட்டாமல் காற்றோட்டமான நிழலில் பரப்புங்கள்.

அண்ணாவின் மரங்களுக்கு என்ன செய்தோம் என்றால், மரத்தை வெட்டிப் புதுசு நட மனம் வரவில்லை. போன ஐப்பசியில் வரிசையின் நடுவில் ஆறு மரங்களில் ஒவ்வொரு கிளையில் எங்கள் நாலு இலை மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டினோம். அது பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, ஆப்பிள் தோட்டக்காரர்கள் செய்வார்களே, அந்த வழியை எடுத்துக்கொண்டோம்: இந்த மாசியில் எங்கள் மரத்திலிருந்து பூத்த கிளைகளை வெட்டி, தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் வாளிகளில் வைத்து, அவருடைய மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டோம். மூன்று நாளைக்கு ஒரு முறை புதுக்கிளை மாற்றினோம். கொசுத்தேனீ வாளிக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தது. இன்று எட்டாவது வாரம் முடிகிறது, பத்தாவது மரத்தில் சிவப்பு நூல் கட்டிய சரத்தில் மூன்று பிஞ்சு நிற்கிறது. கட்டிய ஆறு ஒட்டில் நான்கு துளிர்த்து, கணுவுக்கு நான்கு நான்காக முள் இலை விட்டிருக்கின்றன.